கார் கதவு ஸ்பீக்கர் சொதப்புகிறதா? சத்தத்தைக் கேட்டே கோளாறைப் பிடிக்கலாம்

"கடையில கேட்டப்போ அப்படி அடிச்சுதுணா, கதவுல மாட்டினதும் செத்துப்போச்சு." புது ஸ்பீக்கர் மாட்டியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. பழி நேராக ஸ்பீக்கர் மேல் விழும். அடுத்த சம்பளத்தில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வரும், அதற்கடுத்து சீட்டுக்கு அடியில் ஒரு சப்ஊஃபர் வரும், கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். நான் பார்த்தவரை குற்றம் பெரும்பாலும் மாட்டிய விதத்தில்தான். விலை உயர்ந்த ஸ்பீக்கரை ஓட்டைக் கதவில் வைப்பதைவிட, சுமாரான ஸ்பீக்கரை ஒழுங்காக மூடிய கதவில் வைத்தால் நன்றாகப் பாடும்.

கடையின் டெமோ போர்டில் ஸ்பீக்கர் கெட்டியான பலகையில் உட்கார்ந்திருக்கிறது. காரில் அதற்குக் கதவுதான் பெட்டி. அந்தப் பெட்டியோ மெல்லிய தகடு, அதில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள், உள்ளே ஏறி இறங்கும் கண்ணாடி, லாக் கம்பிகள், மழை பெய்தால் தண்ணீர். நம் வட சென்னைக்கென்று கூடுதலாக மூன்று தொல்லைகள் உண்டு: காசிமேடு தொடங்கி எண்ணூர் வரை வீசும் உப்புக் காற்று, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் பெயர்த்துப் போட்ட ரோடு, ஐப்பசி கார்த்திகை மழை. கீழே ஒவ்வொரு கோளாறாக எழுதியிருக்கிறேன். உங்கள் காரில் எது கேட்கிறதோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியைத் தாண்ட வேண்டாம்.

கதவைத் தொடுவதற்கு முன்

செட்டில் (டேஷ்போர்டில் உள்ள மியூசிக் சிஸ்டத்தில்) ஈக்வலைசரை ஃபிளாட்டில் வையுங்கள். பாஸ் பூஸ்ட், லவுட்னஸ் இரண்டையும் அணையுங்கள். சத்தத்தை முன் பின் எனப் பிரிக்கும் ஃபேடரை முழுதாக முன்பக்கம் தள்ளுங்கள். பாட்டு பென் டிரைவிலிருந்து ஓடட்டும். மலிவான செட்டுகளில் ப்ளூடூத் சத்தத்தையே கெடுக்கும், பிறகு எதைத் தேடுகிறோம் என்று குழப்பம் வரும். இதைச் செய்ததுமே சிலருக்குக் கோளாறு காணாமல் போய்விடும். அவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு வேண்டியவை: டோர் பேட் (கதவின் உட்பக்க மூடி) நெம்புவதற்குப் பிளாஸ்டிக் பட்டை, ஒரு மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி, போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப். டோர் பேடைக் கழற்றும் முன் இக்னிஷனை அணைத்து, கார் பேட்டரியின் மைனஸைக் கழற்றி, சில நிமிடம் பொறுங்கள். மஞ்சள் நிறக் கப்ளரோ (ஒயர்களை இணைக்கும் பிளக்) மஞ்சள் உறை போட்ட ஒயரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, கை வைக்காதீர்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களில் கதவுக்குள்ளேயே காற்றழுத்த சென்சார் இருக்கும். மோதலின்போது கதவு நசுங்கி உள்ளே காற்றழுத்தம் கூடுவதை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. அப்படிப்பட்ட கதவில் ஓட்டைகளை இஷ்டத்துக்கு அடைக்கக் கூடாது. சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள்.

வாரண்டி உள்ள காரில் கம்பெனி ஒயரை வெட்டாதீர்கள். அந்தந்த மாடலுக்கான கப்ளர் ரிச்சி தெருவிலும் ஜி.பி. ரோட்டிலும் கேட்டால் கிடைக்கும்.

பாஸே இல்லை, சத்தம் மெலிந்து கேட்கிறது

டோர் பேடை உடனே பிடுங்க வேண்டாம். தாளம் கனமான ஒரு பாட்டைப் போடுங்கள். கானா இதற்கு வசதி. டோலக்கின் கனத்த பக்கத்து அடி நெஞ்சில் விழுகிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். பேலன்ஸ் நடுவில் இருக்கட்டும். இப்போது அதை மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போங்கள். ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடும்போது பாஸ் கூடினால், இரண்டில் ஒன்றுக்கு பிளஸ் மைனஸ் மாறிப் போயிருக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) முன்னே வரும் நேரத்தில் மற்றது பின்னே போகிறது. இது தள்ளும் காற்றை அது இழுத்துக்கொள்கிறது. பாடுபவரின் குரல் டேஷ்போர்டின் நடுவில் நிற்காமல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் இருப்பதும் இதற்கு அடையாளம்.

எந்தப் பக்கம் மாறியது என்று பார்க்க, செட்டின் பின்னால் உள்ள கப்ளரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரிலும் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் பட்ட ஒயர்தான் பிளஸ். உள்ளே போனால் தலைகீழ். ட்ரெபிளுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரை மட்டும் இப்படிச் சோதிக்காதீர்கள். ஸ்பீக்கரில் அகலமாக இருக்கும் டெர்மினல் பிளஸ். வெளியில் வாங்கும் செட்டுகளில் நிற வழக்கு பொதுவாக ஒன்றுதான்: முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா, அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். கார் கம்பெனி போட்ட ஒயரிங்கில் இந்த நிறங்களை நம்ப முடியாது. அங்கே பேட்டரிதான் சாட்சி.

பிளஸ் மைனஸ் சரி, ஆனாலும் பாஸ் இல்லை என்றால் காற்று ஒழுகுகிறது. இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கோன் முன்னே நகரும்போது முன்பக்கம் காற்று நெருங்குகிறது, பின்பக்கம் தளர்கிறது. இரண்டும் நேர் எதிர். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் 4 மீட்டருக்கு மேல். ஸ்பீக்கரைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி இருந்தாலும், கதவின் உள் தகட்டில் பெரிய ஓட்டை இருந்தாலும், பின்பக்க அலை சில சென்டிமீட்டரில் சுற்றி வந்து முன்பக்க அலையைக் கொன்றுவிடும். ட்ரெபிளுக்கு இந்தப் பாதிப்பு அவ்வளவாக இல்லை. அதனால்தான் ஒழுகும் கதவில் சிம்பலும் குரலும் தெளிவாகக் கேட்கும், டோலக் மட்டும் தொலைந்துபோகும். இதை எந்த ஈக்வலைசரும் சரிசெய்யாது. பாஸைக் கூட்டினால் எதிர் அலையும் கூடவே கூடும்.

சோதனை சுலபம். டோர் பேட் கழன்ற நிலையில் ஸ்பீக்கரை மட்டும் மாட்டி, போனிலிருந்து 80 ஹெர்ட்ஸ் டோனை மிதமான சத்தத்தில் ஓடவிடுங்கள். இதற்கு கார் பேட்டரியைத் திரும்ப இணைத்தாக வேண்டும். இணைத்தபின் எந்தக் கப்ளரையும் கழற்றாதீர்கள். ஒரு கெட்டியான அட்டையால் உள் தகட்டின் பெரிய ஓட்டையை மூடிப் பாருங்கள். சத்தம் சட்டென்று தடித்தால் வேலை அங்கேதான் இருக்கிறது. சின்ன ஓட்டைகள் அருகே புறங்கையை வைத்தால் காற்று துடிப்பதும் தெரியும்.

சின்ன ஓட்டைகளுக்கு பியூட்டைல் டேம்பிங் ஷீட் (அதிர்வை அடக்கும் ஒட்டுத் தாள்) போதும். பெரிய ஓட்டைக்கு ஷீட்டை மட்டும் ஒட்டினால் அதுவே கோன் போல ஆடும். அங்கே அலுமினியத் தகடோ, கடை போர்டு செய்கிறவர்களிடம் மிஞ்சும் ஏ.சி.பி. துண்டோ வெட்டி, ஓரத்தில் பியூட்டைல் பட்டை வைத்து, ஸ்க்ரூவில் முடுக்குங்கள். ரிவெட் அடித்து நிரந்தரமாக மூடிவிடாதீர்கள். பவர் விண்டோ மோட்டார் போனால் மெக்கானிக் அந்த வழியாகத்தான் கை விட வேண்டும், உங்களைத் திட்டிக்கொண்டே பிய்ப்பார். இப்போது வரும் பல கார்களில் உள் தகடே பிளாஸ்டிக் பேனலாக முழுதாக மூடி வருகிறது. அப்படியென்றால் பாதி வேலை மிச்சம்.

அடுத்தது ஸ்பேசர், அதாவது ஸ்பீக்கருக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவில் வைக்கும் வளையம். ஸ்பீக்கர் வளையம் உட்காரும் இடம் ஆடக் கூடாது. பறையின் சட்டம் தளர்ந்திருந்தால் தோல் எவ்வளவு காய்ந்திருந்தும் பேசாது, இதுவும் அப்படித்தான். மாருதியோ ஹூண்டாயோ, முன் கதவில் பெரும்பாலும் 6.5 இன்ச் ஸ்பீக்கர்தான், ஆனால் கம்பெனி ஓட்டையும் வெளியில் வாங்கும் ஸ்பீக்கரின் ஓட்டையும் ஒத்துப்போவதில்லை. கடைகளில் இரண்டே ஸ்க்ரூவில் நிறுத்திவிட்டு, மற்ற இரண்டு மூலைக்கு "டோர் பேட் அமுக்கிக்கும்" என்று சொல்லி அனுப்புவார்கள். அமுக்காது.

எம்.டி.எஃப். ஸ்பேசர் கதவுக்குள் வேண்டவே வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் ஊறி பிஸ்கட் பதத்துக்கு வந்துவிடும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் வார்த்த ஸ்பேசர் நல்லது. காய்கறி வெட்டும் கெட்டியான எச்.டி.பி.இ. பலகையை வட்டமாக அறுத்தும் செய்யலாம், தண்ணீர் குடிக்காது, விலையும் குறைவு. ஸ்பேசருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சுற்று, ஸ்பீக்கருக்கும் ஸ்பேசருக்கும் நடுவில் ஒரு சுற்று என இரண்டு இடத்திலும் மூடிய துளை ஃபோம் வேண்டும். ஏசி பைப்பில் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ஃபோம் ஏசி ஸ்பேர் கடைகளில் கிடைக்கும், அதுவே போதும். சாதாரண ஸ்பஞ்ச் வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். உறிஞ்சினால் அது கதவுக்கு ஆகாது.

தகட்டில் நேராக இறக்கிய ஸ்க்ரூ கொஞ்ச நாளில் மரை போய்ச் சுற்ற ஆரம்பிக்கும். கிளிப் நட் போட்டு, துருப்பிடிக்காத எஸ்.எஸ். போல்ட்டில் முடுக்குங்கள். நம் பக்கத்துக் காற்றில் சாதாரண ஸ்க்ரூ துருப்பிடித்து, அடுத்த முறை கழற்றும்போது தலை மட்டும் கையோடு வரும். புதிதாகத் துளைத்த இடத்தில் பெயின்ட் இல்லாத வெறும் தகடு தெரிந்தால் ரெட் ஆக்சைடு பிரைமரைத் தொட்டு வைத்துவிட்டு மாட்டுங்கள்.

கடைசியாக டோர் பேட். ஸ்பீக்கர் முகத்துக்கும் டோர் பேடின் கிரில்லுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், சத்தத்தில் ஒரு பகுதி வெளியே வராமல் டோர் பேடின் பின்னாலேயே சுற்றும். ஸ்பீக்கர் வளையத்தின் மேல் ஃபோமில் ஒரு உயரமான வளையம் ஒட்டி, டோர் பேட் மூடும்போது அது லேசாக நசுங்கும்படி செய்யுங்கள். செலவு மிகக் குறைவு, பலனோ நன்றாகவே தெரியும். அதிர்வையும் இது குறைக்கும்.

பாஸ் அடிக்கும்போது கதவு கடகடக்கிறது

எல்லோரும் உடனே கதவு முழுக்க ஷீட் ஒட்டச் சொல்வார்கள். முதலில் எது ஆடுகிறது என்று கண்டுபிடியுங்கள். என்ஜினை அணைத்து, டோர் பாக்கெட்டில் இருக்கும் தண்ணீர் பாட்டில், சில்லறை, டோல் ரசீது எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சிரிக்காதீர்கள், பல கடகடப்புகள் அந்த பாட்டிலோடு போய்விடும்.

பிறகு டோன் ஜெனரேட்டரை 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றுங்கள். ஒவ்வொரு பாகமும் அதற்கென்ற ஒரு அதிர்வெண்ணில்தான் ஆடும். கடகடப்பு வரும் அதிர்வெண்ணிலேயே டோனை ஓடவிட்டு, கையால் ஒவ்வொரு இடமாக அமுக்குங்கள்: டோர் பேடின் கீழ் ஓரம், ஸ்விட்ச் பேனல், கைப்பிடிக் கிண்ணம், ட்வீட்டர் மூடி, வெளிக் கைப்பிடி. கூட ஒருவர் இருந்தால் வெளியிலிருந்து தகட்டை அமுக்கச் சொல்லுங்கள். எங்கே அமுக்கும்போது நிற்கிறதோ அதுதான் ஆள்.

டோர் பேடின் ஓரத்தை அமுக்கினால் நிற்கிறது என்றால் கிளிப் உடைந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. பழைய கிளிப்பையே திரும்பக் குத்தாதீர்கள். புதுப்பேட்டையில் மாடல் சொன்னால் கை நிறைய எடுத்துக் கொடுப்பார்கள். கண்ணாடியைப் பாதி இறக்கினால் மட்டும் சத்தம் வந்தால் கண்ணாடி ஓடும் ரப்பர் சேனல் தேய்ந்துவிட்டது. அது ஸ்பீக்கர் வேலை இல்லை, ரப்பரை மாற்ற வேண்டும். உள்ளிருந்து கம்பி தட்டுவது போல வந்தால் லாக் ராடு. அதற்கு மெல்லிய ஃபோமோ துணி டேப்போ சுற்றலாம், ஆனால் ராடு நகரும் வழியை மறிக்கக் கூடாது. சுற்றியதும் கதவைத் திறந்தபடியே லாக் போட்டு எடுத்துப் பாருங்கள். ஒயர்க் கட்டு தகட்டில் தட்டினாலும் துணி டேப்தான் மருந்து. பிளாஸ்டிக் இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் பசை கழன்று, பிசுபிசுத்துத் தொங்கும்.

வெளித்தகடே "டங்" என்று ஒலித்தால்தான் டேம்பிங் ஷீட். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். தகட்டின் பரப்பில் கால்வாசி மூடினாலே "டங்" என்பது "டொக்" என்று மாறிவிடும். முழுக்க ஒட்டினால் கடைக்காரருக்கு லாபம், கதவுக்குக் கூடுதல் எடை, கீலுக்கு வேலை. ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பெட்ரோலால் துடைத்தால் எண்ணெய்ப் படலம் தங்கும், ஷீட் கழன்றுவிடும். ஒட்டியபின் ரோலரால் அழுத்தித் தேயுங்கள். அலுமினியத்தில் உள்ள மேடுபள்ளம் மறையும்வரை தேய்த்தால் போதும்.

ஷீட்டை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். தார் வாசனை அடித்தால் அது மொட்டை மாடிக்குப் போடும் பிட்டுமென் வகை. சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் அது இளகி வழியும், ஏசி போட்டாலும் வாசனை போகாது. கண்ணாடி சேனலில் வழிந்துவிட்டால் சுத்தம் செய்வது பெரும்பாடு. பியூட்டைல் ஷீட் ரப்பர் போல் இழுபடும், நாற்றம் அவ்வளவாக இருக்காது.

நிற்கும்போது அமைதி, ஓடும்போது மட்டும் கடகட என்றால் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட வேண்டாம். மணலி ரோட்டிலும் எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயிலும் தினமும் போகிற காரில் கிளிப்பும் ஸ்க்ரூவும் தளர்வது இயல்பு. செட்டை அணைத்துவிட்டு அதே ரோட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

சுரண்டுவது போல் கரகர சத்தம்

குறைந்த வால்யூமிலேயே கரகரத்தால் ஒன்று, சத்தம் ஏற்றினால் மட்டும் கரகரத்தால் வேறொன்று.

குறைந்த வால்யூமிலேயே வந்தால், மாட்டும்போது நடந்த தப்பு. தகட்டில் துளை போட்டாலோ கம்பெனி ரிவெட்டை டிரில் செய்து எடுத்தாலோ இரும்புத் தூள் பறக்கும். ஸ்பீக்கர் மேக்னட் பக்கத்திலேயே இருந்தால் அந்தத் தூளை இழுத்து வைத்துக்கொள்ளும். கோனை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் ஆடும் இடைவெளி மிகக் குறுகியது, அதற்குள் ஒரு துகள் போனால் கதை முடிந்தது. டிரில் செய்யும்போது புது ஸ்பீக்கர் டப்பாவிலேயே இருக்கட்டும். வேலை முடிந்ததும் வேக்குவம் போட்டு, ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, பிறகு டப்பாவைத் திறவுங்கள். கதவுக்குள் விழுந்த தூளையும் எடுங்கள், அங்கேயே விட்டால் துருவாகி நிற்கும்.

இரண்டாவது காரணம், ஒரு ஸ்க்ரூவை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவது. ஸ்பேசர் சமமாக இல்லாவிட்டால் ஸ்பீக்கரின் கூடு நெளிந்து, காயில் ஒரு பக்கம் உரசும். நான்கையும் லேசாகப் பிடித்து, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். சோதிக்க, ஸ்க்ரூக்களை அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். கரகரப்பு போனால் கூடுதான் நெளிந்திருக்கிறது. கோனின் இரு பக்கமும் விரல்களை வைத்து நேராக அமுக்கினால் உரசல் கையிலேயே தெரியும்.

சத்தம் ஏற்றினால் மட்டும் கரகரத்தால் செட் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. அதைக் கடைசிப் பகுதியில் பார்க்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் வருகிறது, அல்லது விட்டு விட்டு வருகிறது

கதவைத் திறந்து மூடும்போது சத்தம் போய் வந்தால், கதவுக்கும் பில்லருக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான முறை மடங்கி மடங்கி உள்ளே ஒயர் அறுந்திருக்கும், மேலே உறை மட்டும் முழுசாகத் தெரியும். ஒயரை லேசாக இழுத்தால் உறை ரப்பர் போல் நீளும், அங்கேதான் அறுந்திருக்கிறது. முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மாதம் தாங்கும். சாலிடர் செய்தால் மடங்கும் இடத்துக்கு வெளியே செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள்.

மொத்தமாகவே வரவில்லை என்றால் மல்டிமீட்டர். ஸ்பீக்கரைத் தனியாக எடுத்து அளந்தால், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.8 ஓம் வரை காட்டும். எதுவும் காட்டாவிட்டால் காயில் எரிந்துவிட்டது. நல்ல எண் வந்தால் ஒயரைப் பாருங்கள். செட்டிலும் ஸ்பீக்கரிலும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஒயருக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவில் மீட்டரை வைத்தால் பீப் வரவே கூடாது. வந்தால் எங்கோ ஒயர் நசுங்கித் தகட்டைத் தொடுகிறது. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது பாடி எர்த் இல்லை, இரண்டு ஒயரிலுமே சிக்னல் ஓடும். மைனஸைப் பாடியில் பிடித்தால் செட் ப்ரொடெக்‌ஷனுக்குப் போகும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் ஐ.சி.யே போகும். பழைய வண்டிகளில் வேலை கற்றவர்கள் சிலர் இன்னும் பழக்கத்தில் இப்படிச் செய்வதுண்டு, பக்கத்தில் நின்று பாருங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: கப்ளர் பின்னில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிரஷ் செய்து, மேலே கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். ஒயர் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம், உப்புக் காற்றில் சீக்கிரம் பொடியாகிவிடும். முழுச் செம்பில் 1.5 சதுர மி.மீ. ஒயர் கதவு ஸ்பீக்கருக்குத் தாராளம்.

கண்ணாடி முழுக்க இறங்கவில்லை

ஸ்பீக்கரின் மேக்னட் இடிக்கிறது, வேறொன்றும் இல்லை. பவர் விண்டோவை விடாமல் அழுத்தினால் கண்ணாடியோ மோட்டாரோ போகும். இனி மாட்டப்போகிறவர்கள் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் தகட்டிலிருந்து கண்ணாடி வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஸ்பீக்கர் டப்பாவில் மவுண்டிங் ஆழம் என்று போட்டிருக்கும். ஸ்பேசரின் தடிமனைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, 5 மி.மீ.யாவது மிச்சம் இருக்க வேண்டும். ஸ்பேசரைத் தடிமனாக்கினால் முன்பக்கம் டோர் பேட் கிரில் இடிக்கும், கோஆக்ஸியல் (நடுவிலேயே ட்வீட்டர் உள்ள) ஸ்பீக்கரின் ட்வீட்டர் அதில் முட்டும். இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தடிமனை முடிவு செய்ய வேண்டும்.

மழை பெய்தபின் சத்தம் மாறுகிறது, காலடியில் ஈரம்

கதவுக்குள் தண்ணீர் வருவது கோளாறு இல்லை. கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாக மழைநீர் உள்ளே இறங்கி, கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கோளாறு இரண்டு விதத்தில் வரும். டேம்பிங் ஷீட் ஒட்டியவர் அடி ஓட்டைகளையும் சேர்த்து மூடியிருப்பார். அப்போது கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும், கதவின் அடி துருப்பிடிக்கும். அல்லது உள் தகட்டில் கம்பெனி ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே டோர் பேடை மூடியிருப்பார். அந்தத் தாள்தான் தண்ணீரைக் கதவுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அது இல்லையென்றால் தண்ணீர் டோர் பேடின் பின்னால் வழிந்து காலடி மேட் வரை வரும்.

ஸ்பீக்கரின் தலைக்கு மேல், பின்பக்கமாக, ஒரு சின்ன ரப்பர் கூரை வைத்தால் கண்ணாடியிலிருந்து சொட்டுவது மேக்னட் மேல் விழாது. முழுக் கிண்ணமாக மூடுகிற ஃபோம் கவர்களும் விற்கிறார்கள். அவற்றை அப்படியே போட்டால் பின்பக்கக் காற்று அடைபட்டு பாஸ் குறையும், அதனால் கீழ்ப் பாதியை வெட்டிவிட்டு மேல் பாதியை மட்டும் வைப்பேன். இந்தக் காலநிலைக்குக் காகித கோனைவிட பாலிபுரொப்பிலீன் கோனும் ரப்பர் சரவுண்டும் உள்ள ஸ்பீக்கர்தான் தோது.

வியாசர்பாடி கணேசபுரம் சப்வே போன்ற இடத்தில் தண்ணீரில் இறங்கி ஏறிய கார் என்றால், ஸ்பீக்கர் நனைந்த உடனே பாட வைக்காதீர்கள். டோர் பேடைக் கழற்றி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சேற்றைத் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் சந்தையில் சுற்றுகின்றன. டோர் பேடைக் கழற்றச் சொல்லி, ஸ்பீக்கர் கூட்டிலும் உள் தகட்டிலும் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். எர்ணாவூர், எண்ணூர் பக்கம் அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. அப்படிப்பட்ட கதவில் எண்ணெய்ப் பிசுக்கை முழுதாக எடுக்காமல் பியூட்டைல் ஒட்டவே ஒட்டாது.

ட்ரெபிள் காதைக் குத்துகிறது, குரல் முழங்காலுக்கு அடியிலிருந்து வருகிறது

கோஆக்ஸியல் ஸ்பீக்கரில் ட்வீட்டரும் கதவின் அடியிலேயே இருப்பதால் குரல் கீழிருந்துதான் வரும். அது பிடிக்கவில்லை என்றால் ட்வீட்டர் தனியாக வரும் காம்பொனன்ட் செட் வாங்கி, ட்வீட்டரைக் கண்ணாடி முக்கோணத்திலோ பில்லரிலோ வைக்க வேண்டும். ஏர்பேக் உள்ள பில்லரில் துளை போடக் கூடாது. வைத்தபின் குத்தினால், பாஸையும் ட்ரெபிளையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் பெட்டியில் ட்வீட்டரின் அளவைக் குறைக்கும் ஜம்பர் இருக்கிறதா பாருங்கள், மைனஸ் 3 டிபி என்று போட்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் ட்வீட்டரை நேராக முகத்துக்கு வைக்காமல் எதிர்க் கண்ணாடிப் பக்கமாகக் கொஞ்சம் திருப்புங்கள்.

எல்லாம் சரி, ஆனால் சத்தம் ஏற்றினால் கிழிகிறது

செட் டப்பாவில் "50 வாட்ஸ் × 4" என்று பெரிதாக இருக்கும். அந்த 50 எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். 14.4 வோல்ட்டை 4 ஓமில் முழுக்க முழுக்கச் சதுர அலையாகக் கொடுத்தால் 51.8 வாட்ஸ் வரும், அதாவது மொத்தமாகக் கிழிந்த சத்தம். கிழியாமல் அதே செட் கொடுப்பது ஒரு சேனலுக்கு 18 முதல் 22 வாட்ஸ் வரைதான். நன்றாக மூடிய கதவில் நகரத்துக்குள் ஓட்ட அதுவே பலருக்குப் போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் செட்டில் இருந்தால் போட்டுப் பாருங்கள். கோன் வீணாக ஆடுவது நின்று, கிழியும் முன் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம்.

உங்கள் காரில் கம்பெனியே ஆம்ப் வைத்திருந்தால் பழைய ஸ்பீக்கரின் ஓமை அளந்து பாருங்கள். அங்கே 2 ஓம் ஸ்பீக்கர் இருந்திருக்கலாம். அதை எடுத்துவிட்டு 4 ஓம் போட்டால் சத்தம் குறையத்தான் செய்யும்.

ஆம்ப் வைத்தே ஆக வேண்டும் என்றால், மேலே சொன்ன கதவு வேலை முடிந்தபின் வையுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் ஃபியூஸ் பேட்டரிக்கு 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்; ஆம்ப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்தால் நடுவில் ஒயர் உரசினால் பிடிக்கும் தீயை அது தடுக்காது. ஆம்பின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) குறைத்து வைத்து, செட்டின் வால்யூமை முக்கால்வாசி ஏற்றி, சத்தம் கிழியத் தொடங்கும்வரை கெயினைக் கூட்டி, அங்கிருந்து கொஞ்சம் பின்னே வாருங்கள். ஆம்ப் வந்ததும் அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்த கிளிப்களும் ராடுகளும் புதிதாகப் பேச ஆரம்பிக்கும். அதனால் டோர் பேடின் கடைசி ஸ்க்ரூவை முடுக்கும் முன் 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.